ஐப்பசியில் கிராமத்துச் சேகரம்: புதிதாக வரும் ஊழியத் தம்பதிக்கு

கடலூர் மாவட்டக் கிராமச் சேகரங்களுக்கு (ஒரு போதகர் பொறுப்பில் இருக்கும் சபை வட்டாரங்களுக்கு) மாற்றலாகி வரும் போதகர் குடும்பங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை உத்தேசித்துப் பெரும்பாலும் கோடையில்தான் வந்து இறங்குகின்றன. அப்போது ஊர் வெயிலில் சும்மா கிடக்கும். ஐப்பசி பிறந்த பிறகுதான் அது எப்படி ஓடுகிறது என்று தெரியவரும். வருகிறவர்கள் தடுமாறுவதும் அப்போதுதான். வீடு ஒழுகும், சபையார் வீட்டில் இருக்கமாட்டார்கள், காணிக்கைப் பை இளைக்கும், வண்டி சேற்றில் மாட்டும். ஆனால் முன்கூட்டி ஏற்பாடு செய்துகொண்டால் வருஷத்தில் இதைவிட நல்ல பருவம் கிடையாது.

அடிப்படையான விஷயம் ஒன்று. இங்கே அக்டோபரும் நவம்பரும் அறுவடை மாதங்கள் அல்ல. 1860களில் மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் மிஷனுக்காக ஊழியம் செய்த கார்ல் ஓக்ஸ் போன்றவர்கள் பிறந்த நாடுகளில் அக்டோபர் என்றால் களஞ்சியம் நிறைந்து, கடவுளுக்கு நன்றி சொல்லும் மாதம். ஜெர்மனியில் இன்றும் அறுவடை நன்றித் திருநாள் அக்டோபர் முதல் ஞாயிறை ஒட்டித்தான். கடலூரில் அதே மாதத்தில் குதிரின் அடி தெரியும். விதை, உழவு, நடவு, உரம் எல்லாவற்றுக்கும் பணம் வெளியே போய்க்கொண்டிருக்கும்; உள்ளே வருவது தை, மாசியில்தான். வெளிநாட்டுப் பிரசங்கப் புத்தகத்தைப் பார்த்து இலையுதிர்கால நன்றி ஆராதனை வைத்தால், கையில் கடன் சீட்டோடு உட்கார்ந்திருப்பவரிடம் 'நிறைவுக்கு ஸ்தோத்திரம்' சொல்லச் சொல்வதாகிவிடும். இந்த மாதங்களுக்குப் பொருத்தமானது விதைப்பின் ஜெபம். அறுப்பின் பண்டிகை பிறகு.

ஊரின் நாள்காட்டி

எல்லா ஊருக்கும் ஒரே கணக்கு ஓடாது. காட்டுமன்னார்கோவில், சிதம்பரம், புவனகிரிப் பக்கம் களிமண், வாய்க்கால் பாசனம், சம்பா. ஆவணி, புரட்டாசியில் நாற்றுவிட்டு அல்லது நேரடியாக விதைத்து, ஐப்பசிக்குள் நடவை முடிப்பார்கள். நட்ட இருபது, இருபத்தைந்தாம் நாள் முதல் களை, நாற்பதை ஒட்டி இரண்டாம் களை. மார்கழியில் கதிர் வந்து வேலை ஓயும். தையில் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்து தெளிப்பார்கள். போர்வெல் உள்ளவர்கள் குறுவையும் போட்டிருப்பார்கள். அது தீபாவளிக்கு முன்னே பின்னே அறுப்புக்கு வரும். ஈரநெல்லைச் சாலையில் காயப்போட்டு, கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்குக் கொண்டுவர அவர்கள் படும் பாட்டைப் பார்க்கலாம். அந்த வாரத்தில் அவர்களிடம் மழைக்காக ஜெபிக்கிறோம் என்று சொல்லிவிடாதீர்கள்.

பண்ருட்டி, நெய்வேலி, குறிஞ்சிப்பாடி செம்மண் மேட்டில் முந்திரியும் பலாவும். ஐப்பசியில் தோப்பில் பெரிதாக வேலை இருக்காது; மார்கழிக்குப் பிறகுதான் முந்திரி பூக்கும், பங்குனி முதல் வைகாசி வரை காசு. மல்லாட்டை (வேர்க்கடலை) போடுகிறவர்கள் கார்த்திகை, மார்கழியில் விதைப்பார்கள். அதற்கு மழை விட வேண்டும், ஆனால் ஈரம் இருக்க வேண்டும். பொங்கலுக்குப் பன்னீர்க் கரும்பு போட்ட ஊரில் இந்த மாதங்களில் சோகையை (காய்ந்த தோகையை) உரித்து, சாயாமல் கட்டும் வேலை நடக்கும்.

வந்த முதல் மாதத்திலேயே சபை மூப்பர் ஒருவரையும், நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் பெண் ஒருவரையும் உட்காரவைத்து, எந்த மாதம் எந்த வேலை, யார் எங்கே இருப்பார்கள், யார் கையில் எப்போது காசு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இருவரையும் கேட்பது முக்கியம். நிலம் உள்ளவரின் ஐப்பசி வேறு, கூலிக்குப் போகிறவரின் ஐப்பசி வேறு. நிலக்காரருக்கு அது செலவு மாதம். நடவுக்காரப் பெண்ணுக்கோ வேலை கிடைக்கும் மாதம். மழை அடைத்துக்கொண்டால் அதுவும் இல்லாத மாதம். சபையார் பெரும்பாலும் காலனியில் இருக்கும் ஊர்களில் இந்த இரண்டாவது நாள்காட்டிதான் உங்கள் நாள்காட்டி.

வீடு சந்திப்புக்குப் போகும் நேரம்

பகல் பதினோரு மணிக்குக் கிளம்பினால் உங்களை வரவேற்பது பூட்டும், திண்ணையில் ஓர் ஆயாவும்தான். நடவுக் கூட்டம் காலை ஆறு, ஆறரைக்குக் கிளம்பிவிடும். ஏக்கர் கணக்கில் பேசிக்கொண்டு போவதால் முடித்தால்தான் கரையேறுவார்கள். சில நாள் மதியம் ஒன்று, சில நாள் மூன்றரை. வந்ததும் குளியல், துணி அலசல், அடுப்பு. நிதானமாக உட்காரக்கூடிய நேரம் மாலை ஆறரைக்கு மேல், எட்டுக்குள். எட்டரைக்குச் சாப்பாடு முடிந்து தூக்கம் சொக்கும். அந்த நேரத்தில் நீண்ட ஜெபம் வைத்தால் ஆமென் சொல்லும் குரல் குறைந்துகொண்டே வரும். வார ஜெபக் கூட்டத்தை நாற்பது நிமிஷத்துக்குள் முடித்துவிடுங்கள்.

அடைமழை நாள் உங்களுக்குக் கிடைத்த வரம். எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், பேசுவதற்கு மனசும் இருக்கும். குடை பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் ஐயரையும் ஐயரம்மாவையும் யாரும் உள்ளே கூப்பிடாமல் இருக்கமாட்டார்கள். (போதகரையும் அவர் மனைவியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஊருக்கு ஊர் இது மாறும், சில இடத்தில் பாஸ்டர் ஐயா, பாஸ்டரம்மா.) ஆனால் ஒழுகும் வீட்டுக்குள் போய், நனையாத ஒரே மூலையில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளக் கூடாது. பாயை உங்களுக்கு விரித்துவிட்டு அவர்கள் நிற்பார்கள். திண்ணையிலோ வாசற்படியிலோ உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுங்கள்.

வயதில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். அறுபது வயதுக் கூலிக்காரரைப் பண்ணைவீட்டுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நீங்கள் கேட்பீர்கள். உங்கள் வாயிலிருந்து பெரியப்பா, ஆயா, அண்ணி என்றே வரட்டும். எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கிறீர்கள், எந்த வீட்டில் குடிப்பதில்லை என்பதை முதல் மாதத்திலேயே ஊர் கவனித்துவிடும்.

வயலில் இறங்குவது

நடவைப் பார்க்கப் போனால் 'இறங்குங்கம்மா' என்று சிரித்துக்கொண்டே கூப்பிடுவார்கள். இறங்கலாம். ஏக்கருக்குப் பேசிய நடவாக இருந்தால் அரை மணிக்கு மேல் நிற்க வேண்டாம். நீங்கள் கோணலாக நட்டதை அவர்கள் திரும்ப நட வேண்டியிருக்கும். நாற்று முடியை இடக்கையில் பிடித்து, இரண்டு மூன்று நாற்றைப் பெருவிரலாலும் அடுத்த இரு விரல்களாலும் பிரித்து, வேர் மட்டும் சேற்றில் ஒரு அங்குலம் போகும்படி நேராகச் செருகுங்கள். குத்துக்குக் குத்து ஏறக்குறைய ஒரு சாண். ஆழமாக அழுத்தினால் தூர் கட்டாது; மேலாக வைத்தால் அடுத்த மழையில் மிதந்துவிடும். பின்னோக்கித்தான் நகர வேண்டும், நட்டதை மிதிக்கக் கூடாது. போட்டோவை நட்டு முடித்துக் கரையேறிய பிறகு, அவர்களைக் கேட்டு எடுங்கள்.

வரப்பில் நடக்க ரப்பர் செருப்பு உதவாது. களிமண் வரப்பில் வெறுங்கால்தான், கால் விரலை ஊன்றி, பாதத்தைச் சற்றே குறுக்காக வைத்து. அண்டை வெட்டிப் புதிதாகச் சேறு பூசிய வரப்பில் ஏறவே வேண்டாம். அது ஒரு ஆளின் ஒரு நாள் வேலை. வண்டியைத் தார்ச்சாலையிலோ மோட்டார் கொட்டாய் ஓரத்திலோ விட்டுவிட்டு நடந்து போங்கள். களிமண் சாலையில் ஓட்டினால் நூறு அடிக்குள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அடைத்துச் சக்கரம் நிற்கும். சைலன்சர் மூழ்கும் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு வெளியே வாருங்கள்.

குருமனையும் (போதகர் வீடும்) கோவிலும் மழைக்கு முன்

கூரை வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் ஓடு மாற்றுகிறவர் கிடைக்கமாட்டார். கிடைத்தாலும் நனைந்த ஓட்டின் மேல் ஏறி, மாற்றுவதைவிட அதிகமாக உடைப்பார். மொட்டை மாடியாக இருந்தால் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் விரிசல் அல்ல, தண்ணீர் இறங்கும் குழாயில் அடைத்த வேப்பிலை. குழாய் வாயில் கம்பிவலைத் துண்டை வளைத்துச் செருகி, வாரம் ஒருமுறை கையால் அள்ளிப் போடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் கொக்கி போல்ட்டின் வாஷர்தான் முதலில் வெடிக்கும். மழையில் அண்ணாந்து பார்த்து, சொட்டும் இடத்தைச் சாக்கட்டியால் குறித்துவைத்து, வெயில் வந்ததும் அந்த வாஷரை மட்டும் மாற்றினால் போதும்.

கடலூர் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். புயலும் இதே மாதங்களில்தான். 'கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை' என்று சொல்வார்கள். அதை நம்பிப் பந்தோபஸ்தைக் குறைக்க வேண்டாம். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது 2011 டிசம்பர் 30 அதிகாலை, மார்கழி பாதி. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பல கிராமங்களில் கரண்ட் வர வாரங்கள் ஆயின.

புயல் செய்தி வந்ததும் தென்னையில் தொங்கும் காய்ந்த மட்டையையும் முற்றிய குலையையும் இறக்குங்கள். ஷீட் கூரையின் மேல் மணல் மூட்டையைத் தனியாக வைக்காமல், இரண்டிரண்டாகக் கயிற்றால் இணைத்து முகட்டுக்கு இரு பக்கமும் தொங்கவிடுங்கள். தனி மூட்டை உருண்டு கீழே இருப்பவர் தலையில் விழும். மேல்நிலைத் தொட்டி, அண்டா, குடம் எல்லாவற்றையும் நிரப்புங்கள், ஏனென்றால் கரண்ட் போனால் மோட்டாரும் போயிற்று. இருவருக்கு நாளைக்கு முப்பது லிட்டர் வீதம் ஐந்து நாளுக்கு 150 லிட்டர். இது உங்களுக்கு மட்டும்தான். கோவில் கெட்டிக் கட்டடம் என்றால் அன்றிரவு முப்பது பேராவது பாயோடு வருவார்கள். அதற்காக மூன்று கிலோ நொய், அரை கிலோ பாசிப்பருப்பு, உப்பு, நாற்பது லிட்டர் பாத்திரம், காய்ந்த விறகு ஒரு கட்டு ஆகியவற்றைப் பெஞ்சுக்கு மேல், தரையில் படாமல் வைத்துவிடுங்கள். ஒரு வேளைக் கஞ்சிக்கு இது சரியாக இருக்கும். பலர் மறப்பது கழிப்பறை: பெண்களுக்கு எது, இருட்டில் எப்படிப் போவது, தண்ணீர் எங்கே என்று மாலையிலேயே முடிவு செய்யுங்கள். யார் வந்தாலும் திறக்க வேண்டும். சபைப் பதிவேட்டைப் பார்க்கிற நேரம் அதுவல்ல. கஞ்சி ஊற்றும் இடத்தில் பிரசங்கமும் வேண்டாம்.

கடலூர் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு 5 அல்லது அதற்கு மேல் என்றால் அபாயம் என்று பொருள். காற்று சட்டென்று நின்றால் புயல் போய்விட்டது என்று வெளியே வராதீர்கள்; கண் கடக்கும்போது அப்படித்தான் நிற்கும், பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். மழை நின்றதும் வெள்ளம் இல்லை என்று நினைப்பதும் அதே மாதிரித் தவறு. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஆனால் கடலூரில் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கியது அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, மேலே சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் வந்து சேர்ந்தபோது. ஆகவே உங்கள் ஊர் எந்த ஆற்றில், அதற்கு மேலே எந்த அணை அல்லது ஏரி என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வெள்ளாற்றுக்குச் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு, காட்டுமன்னார்கோவிலுக்கு வீராணமும் கொள்ளிடமும். பேட்டரி ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும். டவர் போனாலும் புதுச்சேரி வானொலி கேட்கும். கோவில் மணியை வெள்ள எச்சரிக்கைக்கு எப்படி அடிப்பது என்று ஊர்த் தலைவரோடு பேசி முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அடிக்கிற மாதிரியே அடித்தால் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள்.

கிணறு, காய்ச்சல், பாம்பு

வளாகத்துக் கிணற்றில் மழைத் தண்ணீர் ஓடி விழுந்திருந்தால் குளோரின் போடாமல் குடிக்கக் கூடாது. கணக்கு எளிது. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கினால் கனமீட்டர் வரும். இரண்டு மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் 9.4 கனமீட்டர், அதாவது 9,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் வீதம் சுமார் 24 கிராம். தூளை அப்படியே கொட்டாமல், வாளியில் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிஷம் சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, மேல் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குங்கள். இரவில் செய்துவிட்டால் காலையில் எடுக்கலாம். குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். வெள்ளமே புகுந்த கிணறு என்றால் முதலில் இறைத்துவிட்டுச் செய்யுங்கள். திறந்து கிடந்த பழைய பவுடரில் குளோரின் போயிருக்கும்; மூக்கில் ஏறாத பவுடர் வெறும் சுண்ணாம்புதான்.

காலில் புண்ணோடு தேங்கிய தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். புதரோரம், வைக்கோல் பக்கம் புழங்கியவருக்கு ஒரு வாரம் கழித்து விடாத காய்ச்சல் என்றால், இடுப்பு, அக்குள், தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது உண்ணிக்காய்ச்சலின் அடையாளம். வலிக்காது என்பதால் யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள். டாக்டரிடம் அதைக் காட்டிச் சொன்னால் சரியான மருந்து சீக்கிரம் கிடைக்கும்.

பாம்பு விஷயத்தில் வயலைவிட வீட்டுத் தரைதான் ஆபத்து. வளை மூழ்கியதும் கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வரும், தரையில் படுத்தவரைக் கடிக்கும். பல்தடம் தெரியாது, வலியும் அநேகமாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்றால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள், டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், பச்சிலைக்கு அலையாதீர்கள். காலை அசைக்காமல் பலகையோடு சேர்த்துவைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஜெபத்தை வண்டியில் போகும்போது செய்துகொள்ளலாம். உங்கள் பேச்சைச் சபை கேட்கும் என்பதால் இதைப் பிரசங்க மேடையிலேயே சொல்வது நல்லது. மந்திரிக்கப் போகும் அரை மணி நேரத்தில் உயிர் போன ஊர்கள் உண்டு.

பயிர்க் காப்பீடு

கொஞ்சம் படிப்பு உள்ளவர் இந்த மாதம் செய்யக்கூடிய உருப்படியான உதவி இதுதான். சம்பாவுக்குப் பதிவு செய்யக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். அந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். சிட்டா (நில உரிமைப் பதிவு), கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் (பயிர்ப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் வேண்டும். தவறு நடப்பது பெயரில்: ஆதாரில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி இருந்தால் பணம் வரும்போது திரும்பிப் போய்விடும். சர்வே எண்ணையும் உட்பிரிவையும் இரண்டு முறை சரிபாருங்கள். குத்தகைக்குப் பயிரிடுகிறவரின் பெயரிலேயே அடங்கல் வாங்க முயற்சி செய்யுங்கள், நிலக்காரர் முகம் சுளித்தாலும். இதைக் கோவிலுக்குள் வைத்துச் செய்யாதீர்கள். டீக்கடை பெஞ்சிலோ பள்ளித் தாழ்வாரத்திலோ உட்கார்ந்தால் எல்லாத் தெருக்காரர்களும் வருவார்கள்.

அனுபவிக்கவும் வேண்டும்

கடமை கடமை என்று ஓடி, கார்த்திகை முடிவதற்குள் களைத்துப்போகும் தம்பதிகள்தான் அதிகம். மழை நாள் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை உங்கள் இருவருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்சட்டியில் மணல் போட்டு வறுத்த மல்லாட்டை, சுக்குமல்லிக் காபி, வாசலில் இரண்டு நாற்காலி. ஊர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாது.

மழையை அளந்துபாருங்கள், இது நல்ல பொழுதுபோக்கு, ஊருக்கும் உதவும். பக்கம் நேராக இறங்கும் எவர்சில்வர் டப்பா ஒன்றைத் திறந்த வெளியில், தரைக்கு ஓர் அடி உயரத்தில் கல்மேல் வைத்து, தினமும் காலை எட்டரைக்குத் தண்ணீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். வானிலை ஆய்வு மையத்தின் நாளும் எட்டரைக்கு எட்டரைதான் என்பதால் ஒப்பிடலாம். 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6 என்றால் மிகக் கனமழை. ஐந்நூறு சதுரஅடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் பெய்தால் 460 லிட்டருக்கு மேல் தண்ணீர் என்று தெரிந்ததும் தொட்டி வைக்க ஆசை வரும். முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

வயல் நண்டு கிடைத்தால் விடாதீர்கள். மருந்து தெளித்த வயலில் பிடித்ததா, வாய்க்காலில் பிடித்ததா என்று மட்டும் கேளுங்கள். தெளித்து இரண்டு வாரம் ஆகாத வயல் என்றால் வேண்டாம். இருவருக்கு எட்டு நண்டு போதும். ஓட்டைப் பிரித்து, செவுளை எடுத்து, நன்றாக அலசி, உரலில் மஞ்சளோடு நண்டுக் காலையும் சேர்த்து இடித்து, நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து வடிகட்டுங்கள். ஓட்டுத் துணுக்கு வராமல் இரண்டு முறை வடிகட்ட வேண்டும். சுண்டைக்காய் அளவு புளி, ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், ஆறு பல் பூண்டு தட்டிப்போட்டு, கொதி வந்த பிறகும் பத்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள். ரசம்போல நுரையில் இறக்கினால் நண்டில் உள்ள புழு சாகாது. காளானை மட்டும் நீங்களாகப் பறிக்காதீர்கள். ஊர்ப் பெண்கள் பறித்து, அவர்களும் சாப்பிடுவதை மட்டும் வாங்குங்கள்.

பனங்கிழங்குக்கு இடம் இருந்தால் ஆவணி, புரட்டாசியிலேயே பாத்தி போட்டிருக்க வேண்டும். மணல் கலந்த மண்ணை ஒன்றரை அடி மேடாகக் குவித்து, அதன்மேல் பனங்கொட்டையை நெருக்கி அடுக்கி, நாலு விரல்கடை மண் மூடினால் முளை கீழ்நோக்கி அந்த மேட்டுக்குள் இறங்கும். மேடு தாழ்வாக இருந்தால் கிழங்கு குட்டை. களிமண்ணாக இருந்தால் தோண்டும்போது ஒடியும். தண்ணீர் தேங்கினால் அழுகும். பொங்கலுக்குத் தோண்டலாம். காய்கறித் தோட்டத்துக்கு ஐப்பசி உகந்ததல்ல, கீரை எல்லாம் மழையில் அழுகும். ஆடியில் போட்ட அவரை மட்டும் கார்த்திகையில் காய்க்கத் தொடங்கும்.

முதல் மழைக்குப் பிறகு சிவப்பு வெல்வெட்டு மாதிரி ஊரும் தம்பலப்பூச்சி, வேலியில் கார்த்திகைப் பூ, பெருமாள் ஏரியிலும் வீராணத்திலும் வந்திறங்கும் வாத்துகள், கார்த்திகைத் தீபத்தன்று பனம்பூக் கரியைத் துணியில் முடிந்து பிள்ளைகள் சுழற்றும் மாவலி: எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். பக்கத்து வீட்டிலிருந்து பொரி உருண்டை வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் பலகாரம் அந்தத் தூக்கிலேயே திரும்பிப் போகட்டும்.

அறுப்பின் பண்டிகைக்கு இப்போதே

ஐப்பசி, கார்த்திகையில் சிறப்புக் காணிக்கை எதையும் அறிவிக்காதீர்கள். வீடுகளில் சமைக்கும்போது கோவிலுக்கென்று ஒரு பிடி எடுத்துப்போடும் பிடி அரிசிப் பானையையும் அந்த இரண்டு மாதம் கேட்காமல் விடலாம். அறுப்பின் பண்டிகையை நெல் ஊரில் பொங்கல் கழித்து, அறுப்பு முக்கால் பங்கு முடிந்த ஞாயிறில் வையுங்கள். முந்திரி ஊரில் வைகாசி வரை பொறுங்கள். தேதியை மேலிடத்துச் சுற்றறிக்கையின்படி வைப்பதைவிடக் களத்தைப் பார்த்து வைப்பது நல்லது.

பண்டிகைக்குச் சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் பொருள்களை ஏலம் விடுவார்கள். அந்த ஏலத்துக்கான ஏற்பாட்டைக் கார்த்திகையிலேயே தொடங்குங்கள். குரல் உள்ள, சிரிக்கவைக்கத் தெரிந்த ஒருவரை ஏலம் கூறவும், கணக்கு எழுத இருவரையும் பிடித்துவைக்க வேண்டும். இருவரும் தனித்தனி நோட்டில் பொருள் எண், எடுத்தவர் பெயர், தொகை என்று எழுதி, முடிந்ததும் ஒத்துப் பார்ப்பார்கள். எண் சீட்டு ஒட்டாமல் விட்டால் பூசணிக்காய்களுக்குள் குழப்பம் வரும். முட்டை, பூசணி, கீரைக் கட்டு முதலில். கரும்பு, வாழைத்தார் நடுவில். சேவலும் ஆடும் கடைசியில். பெரியதை முதலில் விட்டால் கூட்டம் பாதியில் கரையும். சேவலைக் காலைக் கட்டி வெயிலில் போடாதீர்கள், ஆராதனை நீண்டால் ஏலத்துக்கு உயிரோடு இருக்காது. ஒரு முட்டை ஐந்நூறுக்குப் போகலாம், அது வேடிக்கைதான். ஆனால் வசதிக்காரர் இருவர் போட்டி போட்டு ஏற்றிய விலைக்குப் பக்கத்தில் இல்லாதவர் கொண்டுவந்த பொருளைப் பெயர் சொல்லி வைக்காதீர்கள். கொண்டுவந்தவர் பெயரை ஏலத்தில் சொல்லாமல் இருப்பதே நல்ல வழக்கம்.

கடனுக்கு எடுப்பவர்களை நிறுத்த முடியாது. நெல் விற்ற பிறகு தருகிறேன் என்பார்கள், பெரும்பாலும் தருவார்கள். நோட்டில் கெடு தேதியை அவர்களையே எழுதவைத்து, மாசிக் கடைசிக்குள் வாங்கிவிடுங்கள். வாங்க வேண்டியது பொருளாளர். போதகர் நினைவுபடுத்தப் போனால் அடுத்த ஞாயிறு அவர் கோவிலுக்கு வரமாட்டார். வரவு, நிலுவை இரண்டையும் தொகையாக மட்டும், பெயர் இல்லாமல், ஒரு வாரத்துக்குள் கோவில் பலகையில் எழுதிப் போடுங்கள்.